முன்னாள் அமைச்சர் எஸ். ஈஸ்வரன்: பதவிகளும் வழக்கும்

சிங்கப்பூரின் முன்னாள் அமைச்சர் எஸ். ஈஸ்வரனுக்கு 2024ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி உயர் நீதிமன்றம் 12 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அரசுத் தரப்பு கேட்டிருந்தது ஆறு முதல் ஏழு மாதம். சிறைதான் என்றால் எட்டு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்றது தற்காப்புத் தரப்பு. நீதிபதி வின்சன்ட் ஹூங் இரண்டையும் ஏற்கவில்லை. இரு தரப்பும் சொன்ன காலம் குற்றத்தின் கனத்துக்குப் போதாது என்று கூறி, அரசுத் தரப்பு கேட்டதைவிடவும் கூட்டியே கொடுத்தார்.

அன்று முதல் கோப்பிக்கடைப் பேச்சில் ஈஸ்வரன் 'லஞ்சம் வாங்கி உள்ளே போன அமைச்சர்' ஆகிவிட்டார். ஆனால் நீதிமன்றம் அவரை லஞ்சக் குற்றவாளி என்று தீர்க்கவில்லை. அவர் ஒப்புக்கொண்ட ஐந்து குற்றச்சாட்டுகளில் ஒன்றுகூட லஞ்ச ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வந்ததல்ல. அப்படியானால் எதற்காகச் சிறை? பதில், அன்பளிப்பு என்ற சொல்லுக்குள் இருக்கிறது. அதற்கு முன் அவர் ஏறிவந்த படிகளைப் பார்க்க வேண்டும். வழக்கின் வேர் அங்கேதான் தொடங்குகிறது.

அரசுப் பணியிலிருந்து அரசியலுக்கு

சுப்பிரமணியம் ஈஸ்வரன் 1962ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி சென்னையில் பிறந்தவர். சிங்கப்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளியில் படித்தார். ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் பொருளியலில் சிறப்புப் பட்டமும், பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். 1987ல் அரசாங்க நிர்வாகச் சேவையில் சேர்ந்து, உள்துறை, கல்வி அமைச்சுகளில் வேலை பார்த்தார். தேசிய தொழிற்சங்கக் காங்கிரசுக்கும், இந்தியர்களின் கல்வி முன்னேற்றத்துக்காக 1991ல் தொடங்கப்பட்ட சிண்டா அமைப்புக்கும் வெவ்வேறு காலங்களில் அனுப்பப்பட்டார். அதன்பின் வர்த்தக, தொழில் அமைச்சில் அனைத்துலக வர்த்தகப் பிரிவின் இயக்குநர். பிறகு சிங்கப்பூர் டெக்னாலஜிஸ், தெமாசெக் ஹோல்டிங்ஸ் நிறுவனங்களில் உயர் பொறுப்பு.

ஆக, அமைச்சராகும் முன்பே வர்த்தகம் அவருக்குப் பழகிய வீடு. வணிகர்களோடு உட்கார்ந்து பேசி, உடன்பாட்டுக்குக் கொண்டுவருவது அவருடைய தொழில்.

1997 பொதுத் தேர்தலில் மக்கள் செயல் கட்சி அவரை வெஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதிக்கான அணியில் சேர்த்தது. அன்று முதல் 2024 வரை, 27 ஆண்டுகள், அதே தொகுதிதான். 2004ல் நாடாளுமன்றத் துணை நாயகர், 2006ல் வர்த்தக, தொழில் துணை அமைச்சர், பிறகு மூத்த துணை அமைச்சர் என்று படிப்படியாக உயர்ந்தார். 2011 மே மாதம் முழு அமைச்சரானார். அப்போது பிரதமர் அலுவலக அமைச்சர், இரண்டாம் உள்துறை அமைச்சர், இரண்டாம் வர்த்தக, தொழில் அமைச்சர் என மூன்று பொறுப்புகள். 2015ல் வர்த்தக, தொழில் அமைச்சு இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது தொழில்துறை அவர் கைக்கு வந்தது. வர்த்தகத்தை லிம் ஹங் கியாங் கவனித்தார். 2018ல் தொடர்பு, தகவல் அமைச்சரானார். கூடவே வர்த்தக உறவுகளுக்கும் அவரே பொறுப்பு. 2021 மே மாதம் போக்குவரத்து அமைச்சு வந்தது. பிரிட்டனுடனான மின்னிலக்கப் பொருளியல் உடன்பாட்டில் 2022 பிப்ரவரியில் சிங்கப்பூருக்காகக் கையெழுத்திட்டவர் அவர்தான்.

தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கக்கூடிய இன்னொரு சம்பவம் உண்டு. 2013ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி இரவு தேக்கா வட்டாரத்தில், ரேஸ் கோர்ஸ் சாலையில், தமிழ்நாட்டு ஊழியர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. அடுத்த சில வாரங்களில், அந்த வட்டாரத்தில் மது விற்பதையும் குடிப்பதையும் கட்டுப்படுத்தவும், போலிசாருக்குக் கூடுதல் அதிகாரம் தரவும் தற்காலிகச் சட்டம் ஒன்று நாடாளுமன்றத்துக்கு வந்தது. இரண்டாம் உள்துறை அமைச்சர் என்ற முறையில் அதைத் தாக்கல் செய்து வாதாடியவர் ஈஸ்வரன். பாட்டாளிக் கட்சி உறுப்பினர்கள் அதை எதிர்த்துப் பேசினர். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடும் தமிழ் ஊழியர்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைத் தமிழ் அமைச்சர் ஒருவர் கொண்டுவந்தது அன்று கவனிக்கப்பட்டது. சட்டம் நிறைவேறியது.

2018ல் இன்னொரு சோதனை. சிங்ஹெல்த் சுகாதாரக் குழுமத்தின் கணினிக் கட்டமைப்புக்குள் ஊடுருவியவர்கள் சுமார் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்களைத் திருடினர். அவர்களில் பிரதமர் லீ சியன் லூங்கும் ஒருவர். இணையப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அமைச்சராக விசாரணைக் குழுவை அமைத்தவர் ஈஸ்வரன். அந்த விவகாரத்தில் அவர்மீது தனிப்பட்ட பழி எதுவும் விழவில்லை. தேர்தல் களத்தில்தான் அடி விழுந்தது. 2015ல் 78.57 விழுக்காடு வாக்குப் பெற்ற வெஸ்ட் கோஸ்ட் அணி, 2020ல் டான் செங் போக் தலைமையிலான சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியிடம் 51.68 விழுக்காட்டில்தான் தப்பியது.

பந்தயச் சாலை

மற்ற பொறுப்புகள் மாறின. ஒன்று மட்டும் அவரை விடாமல் தொடர்ந்தது: ஃபார்முலா 1 கார்ப் பந்தயம்.

2007ல் சிங்கப்பூர் அந்தப் பந்தயத்தை நடத்தும் உரிமையைப் பெற்றது. 2008 செப்டம்பர் 28ஆம் தேதி மரினா பே சாலைகளில் நடந்தது ஃபார்முலா 1 வரலாற்றிலேயே முதல் இரவுப் பந்தயம். உரிமையைக் கொண்டுவந்தவர் மலேசியாவில் பிறந்த ஹோட்டல் தொழிலதிபர் ஓங் பெங் செங். அவருடைய சிங்கப்பூர் ஜிபி நிறுவனம் பந்தயத்தை நடத்த, சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகம் அதனுடன் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 150 மில்லியன் வெள்ளி செலவானது; அதில் 60 விழுக்காட்டை அரசாங்கம் ஏற்றது. அரசாங்கப் பக்கத்திலிருந்து பந்தயத்துக்கான வழிகாட்டிக் குழுவுக்குத் தலைவராகவும், முக்கியப் பேச்சுவார்த்தையாளராகவும் இருந்தவர் ஈஸ்வரன்.

மேசையின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் ஓங். பேச்சு ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஒப்பந்தம் பலமுறை புதுப்பிக்கப்பட்டது. கடைசியாக 2022 ஜனவரியில், 2028 வரை பந்தயம் தொடரும் என அறிவிக்கப்பட்டது. இப்படி நீண்ட காலம் ஒருவரோடு பேசிப் பழகினால் நட்பு வளர்வது இயல்பு. நட்பு வளர்ந்த இடத்தில் அன்பளிப்பும் வந்தது.

என்னென்ன பெற்றார்?

குற்றப்பத்திரிகையைப் படித்தவர்களை வியக்கவைத்தது தொகை அல்ல, பொருள்கள். சிங்கப்பூர் கார்ப் பந்தயத்தின் உயர்விலை நுழைவுச்சீட்டுகள். லண்டன் வெஸ்ட் எண்ட் அரங்குகளின் நாடக, இசை நிகழ்ச்சிச் சீட்டுகள். இங்கிலாந்துக் காற்பந்தாட்டச் சீட்டுகள். தனியார் விமானப் பயணம், ஹோட்டல் தங்கல். ஓங்கிடமிருந்து பெற்றவற்றின் மதிப்பு 384,340.98 வெள்ளி என்று குற்றச்சாட்டுகள் கூறின.

இன்னொரு தொழிலதிபர் லம் கோக் செங். அவருடைய லம் சாங் நிறுவனம் தானா மேரா எம்ஆர்டி நிலையத்தில் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்காக வேலை செய்துகொண்டிருந்தது. ஆணையமோ ஈஸ்வரனின் போக்குவரத்து அமைச்சின் கீழ் இருப்பது. லம் கொடுத்தவை விஸ்கி, ஒயின் போத்தல்கள், கோல்ஃப் மட்டைகள், 7,907.50 வெள்ளி மதிப்புள்ள பிராம்டன் மடக்கு சைக்கிள் ஒன்று. மொத்தம் 18,956.94 வெள்ளி. இரண்டையும் கூட்டினால் 403,000 வெள்ளியைத் தாண்டுகிறது.

2012ல் சிங்கப்பூர் வகுத்த சம்பள முறைப்படி, தொடக்க நிலை அமைச்சர் ஒருவரின் ஆண்டு வருமான அளவுகோலே 1.1 மில்லியன் வெள்ளி. கைநிறையச் சம்பளம் கொடுத்தால் கைநீட்டமாட்டார்கள் என்பது அந்நாட்டின் நீண்டகால வாதம். சைக்கிளையும் விஸ்கியையும் சொந்தக் காசில் வாங்கக்கூடியவர் ஏன் மற்றவரிடம் பெற்றார் என்ற கேள்விக்கு வழக்கில் விடை வரவில்லை. சட்டத்துக்கு அது தேவைப்படவும் இல்லை.

தோஹா பயணம்

வழக்கின் முடிச்சு 2022 டிசம்பரில் விழுந்தது. கத்தாரில் உலகக் கிண்ணக் காற்பந்து நடந்துகொண்டிருந்த நேரம். டிசம்பர் 10ஆம் தேதி ஓங்கின் தனியார் விமானத்தில் ஈஸ்வரன் தோஹா போனார். அங்கே ஃபோர் சீசன்ஸ் ஹோட்டலில் ஓர் இரவு. மறுநாள் வர்த்தக வகுப்பு விமானத்தில் சிங்கப்பூருக்குத் திரும்பினார். எல்லாம் சேர்ந்து சுமார் 20,800 வெள்ளி. அவர் கையிலிருந்து ஒரு காசும் போகவில்லை.

அடுத்த ஆண்டு மே மாதம் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு வேறொரு விவகாரத்தை விசாரிக்கும்போது அந்த விமானத்தின் பயணிகள் பட்டியலைக் கைப்பற்றியது. அதைத் தெரிந்துகொண்ட ஓங், ஈஸ்வரனிடம் சொன்னார். திரும்பும் பயணத்துக்கான 5,700 வெள்ளிக்குத் தனக்கு 'பில்' அனுப்பும்படி கேட்டுக்கொண்டார் ஈஸ்வரன். சிங்கப்பூர் ஜிபி அனுப்பியது. மே 25ஆம் தேதி அவர் காசோலை எழுதிக் கொடுத்தார். தானே பணம் கட்டிப் பயணம் செய்ததுபோல் காட்டும் ஏற்பாடு இது என்பது அரசுத் தரப்பின் கூற்று. ஈஸ்வரனும் இதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். நீதிக்குத் தடையாக இருந்ததாகச் சாட்டப்பட்ட ஒரே குற்றம் இதுதான். மற்ற குற்றங்களுக்கு உச்சத் தண்டனை இரண்டு ஆண்டு சிறை. இதற்கு ஏழு ஆண்டு. ஐந்தாறு மாதம் கழித்துக் கட்டிய 5,700 வெள்ளி, கட்டாமல் விட்டதைவிடப் பெரிய வினையாக முடிந்தது.

கைதும் நாடாளுமன்றமும்

சிங்கப்பூரில் அந்தப் புலனாய்வுப் பிரிவு பிரதமர் அலுவலகத்தின் கீழ் இயங்குகிறது. அமைச்சர்மீது விசாரணை என்றால் பிரதமரின் இசைவு வேண்டும். பிரதமர் மறுத்தால், அதிபரின் இசைவுடன் விசாரிக்க அரசமைப்பில் வழி உண்டு. 2023 ஜூலை 5ஆம் தேதி பிரிவின் இயக்குநர் விவரம் சொல்ல, மறுநாள் பிரதமர் லீ இசைந்தார். ஜூலை 11ஆம் தேதி ஈஸ்வரன் கைது செய்யப்பட்டு, பிணையில் விடப்பட்டார். ஓங்கும் கைதானார். முதலில் 'விசாரணைக்கு உதவுகிறார்' என்ற செய்திதான் வெளிவந்தது. கைது செய்யப்பட்டார் என்பது மூன்று நாள் கழித்தே மக்களுக்குத் தெரிந்தது. அதே மாதம் 17ஆம் தேதி வேறு காரணத்துக்காக நாடாளுமன்ற நாயகர் டான் சுவான்-ஜின்னும் பதவி விலகியதால், ஆளுங்கட்சிக்கு அது கடினமான மாதமாக அமைந்தது.

ஈஸ்வரன் விடுப்பில் அனுப்பப்பட்டார். மாதச் சம்பளம் 8,500 வெள்ளியாகக் குறைக்கப்பட்டது. நாடாளுமன்ற உறுப்பினருக்கான படி மட்டும் தொடர்ந்தது. கைதான ஒருவர் அதைப் பெறலாமா என்று கேட்டு, அவரை இடைநீக்கம் செய்யும் தீர்மானத்தைச் சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியின் ஹேசல் புவா 2023 செப்டம்பர் 19ஆம் தேதி கொண்டுவந்தார். அது தோற்றது. விசாரணையின் முடிவு தெரிந்தபின் முடிவெடுக்கலாம் என்ற அரசாங்கத் தீர்மானம் நிறைவேறியது.

2024 ஜனவரி 18ஆம் தேதி 27 குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. அமைச்சர் பதவி, நாடாளுமன்ற உறுப்பினர் பதவி, கட்சி உறுப்பியம் மூன்றிலிருந்தும் அவர் விலகியது அன்றே அறிவிக்கப்பட்டது. தான் குற்றமற்றவர் என்றும், கைதான நாளிலிருந்து பெற்ற சம்பளத்தையும் படியையும் திருப்பித் தந்துவிடுவதாகவும் பிரதமருக்கு எழுதிய கடிதங்களில் அவர் குறிப்பிட்டிருந்தார். மார்ச் 25ஆம் தேதி லம் தொடர்பில் மேலும் எட்டு. மொத்தம் 35.

சிங்கப்பூரில் அரசியல் பதவி வகித்தவர் ஊழல் தொடர்பில் நீதிமன்றம் ஏறியது ஏறக்குறைய 50 ஆண்டுகளுக்குப் பிறகு அப்போதுதான். 1975ல் சுற்றுப்புறத் துணை அமைச்சர் வீ தூன் பூன் சிறைசென்றார். 1986ல் தேசிய வளர்ச்சி அமைச்சர் தே சியாங் வான்மீது விசாரணை நடந்தது. குற்றம் சாட்டப்படுவதற்கு முன்பே அவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

லஞ்சமா, அன்பளிப்பா?

தொடக்கத்தில் சாட்டப்பட்ட 35 குற்றங்களில் இரண்டு மட்டும் லஞ்ச ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை. கார்ப் பந்தய ஒப்பந்தத்திலும், 'அபா' இசைக்குழுவின் மெய்நிகர் நிகழ்ச்சியைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவரும் திட்டத்திலும் ஓங்கின் நலனுக்கு உதவுவதற்காகச் சுமார் 166,000 வெள்ளி மதிப்புள்ளவற்றைப் பெற்றார் என்பது அவற்றின் சாரம். இன்னதற்காக இன்னது என்ற கொடுக்கல் வாங்கல் நடந்ததை அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும்.

2024 செப்டம்பர் 24ஆம் தேதி விசாரணை தொடங்கவிருந்த காலையில் அந்த இரண்டும் மாற்றப்பட்டன. கொடுத்தவர், வாங்கியவர் இருவருமே லஞ்சம் இல்லை என்று மறுக்கக்கூடிய வழக்கில் மெய்ப்பிப்பது கடினம் என்பதைக் கருத்தில் கொண்டதாகத் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் விளக்கியது. அவற்றுக்குப் பதிலாக வந்தது தண்டனைச் சட்டத்தின் 165ஆவது பிரிவு. அதன்கீழ் நான்கு, நீதிக்குத் தடை ஒன்று என ஐந்து குற்றச்சாட்டுகளை ஈஸ்வரன் ஒப்புக்கொண்டார். மீதி 30 குற்றச்சாட்டுகளும் தண்டனை விதிக்கும்போது கருத்தில் கொள்ளப்பட்டன.

165ஆவது பிரிவு சொல்வது எளிது. அரசு ஊழியர் ஒருவர், தமது அலுவலோடு தொடர்புடையவர் என்று தெரிந்த ஒருவரிடமிருந்து, மதிப்புள்ள ஒன்றை விலை கொடுக்காமலோ போதிய விலை கொடுக்காமலோ பெற்றால் குற்றம். பதிலுக்கு ஏதாவது செய்து கொடுத்தாரா என்ற கேள்வியே எழாது. கெட்ட எண்ணம் இருந்ததா என்றும் பார்க்க வேண்டியதில்லை. வாங்கினார், யாரிடம் வாங்கினார், அவருக்கும் இவருடைய வேலைக்கும் தொடர்பு உண்டு என்று இவருக்குத் தெரியும். இவ்வளவு போதும். ஓங்கைத் தமது நண்பராகவே ஈஸ்வரன் கருதினார், அரசாங்கத்துக்கு எந்த இழப்பும் இல்லை என்று தற்காப்பு வழக்கறிஞர் டாவிந்தர் சிங் வாதாடினார். அந்த வாதம் தண்டனையைக் குறைக்க உதவலாம். குற்றத்தைத் துடைக்க உதவாது.

பழந்தமிழில் 'கையுறை' என்றொரு சொல் உண்டு. இன்று குளிருக்கும் வேலைக்கும் கையில் மாட்டும் உறையைத்தான் அது குறிக்கிறது. அன்றோ பெரியோரைக் காணப் போகிறவர் கையில் எடுத்துச்செல்லும் பொருளுக்கு அந்தப் பெயர். வெறுங்கையோடு போவது மரியாதை ஆகாது என்ற எண்ணம் நம்மிடம் இன்றும் இருக்கிறது. தீபாவளிக்கு அதிகாரி வீட்டுக்குப் பலகாரத் தட்டோடு போகிறவர்கள் எத்தனை பேர்! 165ஆவது பிரிவு கை வைப்பது அந்தப் பழக்கத்தின் ஒரு முனையில்: தட்டைக் கொண்டுவருகிறவருக்கு அந்த அதிகாரியிடம் ஒரு விண்ணப்பம் காத்திருக்கும்போது.

அமைச்சர்களுக்குச் சிங்கப்பூரில் நடத்தை விதிகளும் உண்டு. அன்பளிப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் அமைச்சின் நிரந்தரச் செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டும். வேண்டுமென்றால் மதிப்பிட்ட விலையைக் கட்டித் தாமே வைத்துக்கொள்ளலாம்.

மலேசியாவிலும் அதே எண்

165 என்ற எண் தற்செயல் அல்ல. பிரிட்டிஷ் இந்தியாவில் 1860ல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டம் 1871ல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்தது. அதிலிருந்து வளர்ந்தவையே இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தண்டனைச் சட்டங்கள். பிரிவின் எண்கூட மாறவில்லை. இந்தியாவோ 1988ல் புதிய ஊழல் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தபோது அந்தப் பிரிவைத் தண்டனைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. சிங்கப்பூரில் அது இருந்தும், ஈஸ்வரன் வழக்குவரை பெரிதாகப் பேசப்படவில்லை. மலேசியாவில் நிலைமை வேறு.

சிலாங்கூர் வாசகர்களுக்கு டாக்டர் முகமது கிர் தோயோ வழக்கு மறந்திருக்காது. மந்திரி புசாராக இருந்தபோது, ஷா ஆலம் 7ஆவது பிரிவில் இரண்டு மனைகளையும் வீட்டையும் 35 லட்சம் ரிங்கிட்டுக்கு வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. விற்ற நிறுவனமோ அதை 65 லட்சம் ரிங்கிட்டுக்கு வாங்கியிருந்தது. 'போதிய விலை கொடுக்காமல்' என்ற சொற்கள் பொருந்திய இடம் அது. 2011 டிசம்பரில் உயர் நீதிமன்றம் 12 மாதச் சிறை விதித்தது. 2015 செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பிரிவு ஒன்று, சிறைக் காலமும் ஒன்று.

முன்னாள் கூட்டரசுப் பிரதேச அமைச்சர் தெங்கு அட்னானுக்கும் 2020 டிசம்பரில் இதே பிரிவில் 12 மாதச் சிறையும் 20 லட்சம் ரிங்கிட் அபராதமும் விதிக்கப்பட்டன. ஆனால் 2021 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம், மூன்று நீதிபதிகளில் இருவர் ஒத்த தீர்ப்பில், அவரை விடுவித்தது.

தீர்ப்புக்குப் பின்

ஈஸ்வரன் 380,305.95 வெள்ளியை அரசாங்கத்திடம் திருப்பிக் கட்டியிருந்தார். நீதிபதி ஹூங் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். ஆயினும் பதவி உயர உயர, பதவியில் இருப்பவர் செய்யும் தவற்றின் கனமும் ஏறும் என்ற நிலைப்பாட்டில் அவர் நின்றார். பொது நிர்வாகத்தின்மீது மக்களுக்கு உள்ள நம்பிக்கை இங்கே பாதிக்கப்பட்டது என்றார். குற்றச்சாட்டுகளை ஏற்கவில்லை என்று ஈஸ்வரன் முன்பு பகிரங்கமாகக் கூறியிருந்ததையும் சுட்டி, அவர் உண்மையிலேயே வருந்துகிறார் என நம்புவது கடினம் என்றார். கடைசி நேரத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் கிடைக்கும் சலுகை அவருக்குப் பெரிதாகக் கிடைக்கவில்லை.

மேல்முறையீடு செய்யப் போவதில்லை என்று ஈஸ்வரன் அறிவித்தார். அமைச்சராக இருந்து தாம் செய்தது 165ஆவது பிரிவின்படி தவறு என ஏற்றுக்கொண்டு, சிங்கப்பூரர்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2024 அக்டோபர் 7ஆம் தேதி தண்டனையைத் தொடங்கினார். அமைச்சரவையில் முழு அமைச்சராக இருந்த சிங்கப்பூரர் ஒருவர் சிறைக்குள் போனது அதுவே முதன்முறை.

நான்கு மாதம் கழிந்து, 2025 பிப்ரவரி 7ஆம் தேதி அவர் வீட்டுக்காவலுக்கு மாற்றப்பட்டார். இது சலுகையா என்று சமூக ஊடகங்களில் கேள்வி கிளம்பியது. நன்னடத்தையும், மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்புக் குறைவும் உள்ள கைதிகளுக்குள்ள வழக்கமான ஏற்பாடுதான் என்று சிறைத்துறை பதிலளித்தது. நன்னடத்தைக்காக மூன்றில் ஒரு பங்கு கழிய, 12 மாதத் தண்டனை எட்டு மாதத்தில், 2025 ஜூன் 6ஆம் தேதி முடிந்தது.

இடையில் மே 3ஆம் தேதி பொதுத் தேர்தல் வந்தது. அவருடைய பழைய தொகுதி வெஸ்ட் கோஸ்ட் - ஜூரோங் வெஸ்ட் என மாற்றி அமைக்கப்பட்டிருந்தது. 2020ல் நூலிழையில் தப்பிய ஆளுங்கட்சி, அதே எதிரணியிடம் இம்முறை 60.01 விழுக்காடு வாக்குகளுடன் வென்றது. வழக்கு வாக்காளர்களைத் தடுமாறவைக்கும் என்று கணித்தவர்களின் கணக்கு அங்கே பலிக்கவில்லை.

ஓங் பெங் செங்மீது ஈஸ்வரனுக்குத் தண்டனை கிடைத்த மறுநாளே, 2024 அக்டோபர் 4ஆம் தேதி, குற்றம் சாட்டப்பட்டது. தோஹா பயணத்தின் கட்டண விவகாரத்தில் நீதிக்குத் தடை செய்ய உடந்தையாக இருந்ததை 2025 ஆகஸ்டு 4ஆம் தேதி அவர் ஒப்புக்கொண்டார். எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயால் அவதிப்படும் அவருக்கு நீதிமன்றம் இரக்கம் காட்டி, ஆகஸ்டு 15ஆம் தேதி 30,000 வெள்ளி அபராதம் விதித்தது. சிறை இல்லை. லம் கோக் செங்மீது குற்றம் சாட்டப் போவதில்லை என்று தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் முன்பே தெரிவித்திருந்தது. மரினா பே பந்தயத்துக்கான ஒப்பந்தம் 2028 வரை இருக்கிறது.